கிளாஸுக்குள் கிளாஸ்: நெஸ்டட் டைப்களை ரிஃப்ளெக்ஷன் மூலம் தேடுவது எப்படி?

ரிஃப்ளெக்ஷன், அதாவது ஓடும் நிரல் தன் டைப்களையும் மெத்தட்களையும் தானே ஆராயும் வசதி, பழகத் தொடங்கும் பலரும் முட்டி நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஒரு கிளாஸுக்குள் இன்னொரு கிளாஸ் இருப்பது கண்ணெதிரே தெரிகிறது. அதைக் கேட்டு வாங்க ஒரு வரி எழுதுகிறோம். கம்பைலர் ஒன்றும் சொல்வதில்லை. ஓடும்போது எக்ஸெப்ஷனும் வருவதில்லை. ஆனால் கையில் கிடைப்பது காலி அர்ரே.

ரிஃப்ளெக்ஷன் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நெஸ்டட் டைப் விஷயத்தில், நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி நாம் நினைத்திருப்பதைவிடக் குறுகலானது. பப்ளிக் மட்டும், ஒரே ஓர் அடுக்கு மட்டும், இந்தக் கிளாஸிலேயே எழுதப்பட்டவை மட்டும் என்று மூன்று 'மட்டும்'கள் அதில் ஒளிந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டவே இந்தக் கட்டுரை. முதன்மையாக சி ஷார்ப்பில் செய்து பார்ப்போம். ஜாவாவும் பைத்தானும் எங்கே வேறுபடுகின்றன என்பது பின்னால் வரும். மெத்தட் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்துகளை அடித்தாலே முழுப்பெயர் வந்துவிடும்.

முதல் படி: பழகுவதற்கு ஒரு கிளாஸ்

'கணக்கு' என்று ஒரு பப்ளிக் கிளாஸ் எழுதிக்கொள்ளுங்கள். சி ஷார்ப், ஜாவா, பைத்தான் மூன்றிலும் கிளாஸ் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், தடையில்லை. அதற்குள் நான்கு டைப்கள் வேண்டும்: 'பதிவு' என்ற பப்ளிக் கிளாஸ், 'நிலை' என்ற பப்ளிக் ஈனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியலான enum), 'தணிக்கை' என்ற புரொடெக்டட் கிளாஸ், 'பூட்டு' என்ற பிரைவேட் கிளாஸ். பதிவுக்குள் இன்னும் ஓர் அடுக்காக 'குறிப்பு' என்ற பப்ளிக் கிளாஸ். கடைசியாக, வெளியே தனியாக, கணக்கிலிருந்து இன்ஹெரிட் செய்யும் 'சேமிப்பு' என்ற கிளாஸ். அதன் உடல் காலியாகவே இருக்கட்டும்.

ஈனமும் நெஸ்டட் டைப்தான் என்பதைக் கவனியுங்கள். உள்ளே எழுதிய ஸ்ட்ரக்ட், இன்டர்ஃபேஸ், டெலிகேட் எல்லாமே நெஸ்டட் டைப்களாகவே எண்ணப்படும். கிளாஸ் மட்டும் வேண்டுமென்றால் கிடைத்ததை 'இஸ்கிளாஸ்' ப்ராப்பர்ட்டி வைத்து வடிகட்ட வேண்டியது நம் வேலை. டெலிகேட்டும் அதற்கு 'ஆம்' என்றே சொல்லும் என்பதால், அதையும் தவிர்க்க வேண்டுமென்றால் இன்னொரு சோதனை தேவை.

இரண்டாம் படி: கேள்வியைச் சரியாகக் கேட்பது

டைப்ஆஃப்(கணக்கு).கெட்நெஸ்டட்டைப்ஸ்()

இந்த வரி பதிவு, நிலை இரண்டையும் தரும். தணிக்கையும் பூட்டும் வராது. அடைப்புக்குறிக்குள் ஒன்றும் தராவிட்டால் 'பப்ளிக் மட்டும்' என்று பொருள். உள்ளே உள்ளவை எல்லாமே பிரைவேட்டாக இருக்கும் கிளாஸில் இதைக் கேட்டால் வருவதுதான் அந்தக் காலி அர்ரே.

எல்லாம் வேண்டுமென்றால் பைண்டிங்ஃப்ளாக்ஸ் தர வேண்டும்:

டைப்ஆஃப்(கணக்கு).கெட்நெஸ்டட்டைப்ஸ்(பைண்டிங்ஃப்ளாக்ஸ்.பப்ளிக் | பைண்டிங்ஃப்ளாக்ஸ்.நான்பப்ளிக்)

இப்போது நான்கும் வரும். 'நான்பப்ளிக்' என்பதில் பிரைவேட், புரொடெக்டட், இன்டர்னல் எல்லாம் அடக்கம். அவற்றுள் ஒன்றை மட்டும் தனியாகக் கேட்க ஃப்ளாக் கிடையாது. வந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

மெத்தட்களையும் ஃபீல்டுகளையும் தேடிப் பழகியவர்கள் இங்கே ஒரு தவறான பழக்கத்தோடு வருவார்கள். அங்கே 'இன்ஸ்டன்ஸ்' அல்லது 'ஸ்டாடிக்' ஃப்ளாக் தராவிட்டால் ஒன்றும் கிடைக்காது. நெஸ்டட் டைப்புக்கு அந்த இரண்டும் தேவையே இல்லை. தலைகீழாக, அவற்றை மட்டும் கொடுத்துவிட்டு பப்ளிக், நான்பப்ளிக் இரண்டையும் விட்டுவிட்டால் மறுபடி காலி அர்ரேதான்.

பெயர் தெரிந்த ஒன்றை மட்டும் எடுக்க 'கெட்நெஸ்டட்டைப்' இருக்கிறது. அதற்கும் இதே விதி: பூட்டைக் கேட்கும்போது நான்பப்ளிக் ஃப்ளாக்கைச் சேர்க்க மறந்தால் நல் (null, அதாவது 'ஒன்றுமில்லை' என்ற மதிப்பு) கிடைக்கும். அடுத்த வரியில் அந்த நல்லைத் தொட்டதும் நிரல் விழும். பிழை காட்டும் வரி ஒன்று, காரணம் இருக்கும் வரி வேறு. அதனால் கையில் வந்தது நல்லா என்று உடனே சோதித்து, 'இந்தப் பெயரில் நெஸ்டட் டைப் இல்லை' என்று தெளிவான செய்தியோடு நீங்களே எக்ஸெப்ஷன் எறிவது நல்லது. ரிஃப்ளெக்ஷன் எழுதும் எல்லா இடத்திலும் இதை ஒரு கட்டாயமாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மூன்றாம் படி: கையில் வந்ததைப் படிப்பது

பதிவு என்ற டைப்பை எடுத்து அதன் 'நேம்' ப்ராப்பர்ட்டியைப் பார்த்தால் 'பதிவு' என்று வரும். 'ஃபுல்நேம்' பார்த்தால் 'கணக்கு+பதிவு'. நேம்ஸ்பேஸ் இருந்தால் அதுவும் முன்னால் ஒட்டிக்கொள்ளும். கோடில் நாம் புள்ளி வைத்து 'கணக்கு.பதிவு' என்று எழுதுகிறோம். ரன்டைம் உள்ளடுக்கைக் கூட்டல் குறியால் காட்டுகிறது. புள்ளி நேம்ஸ்பேஸுக்கு, கூட்டல் நெஸ்டிங்குக்கு. இரண்டுக்கும் புள்ளியே இருந்தால் 'கணக்கு' நேம்ஸ்பேஸா கிளாஸா என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே முழுப்பெயர் கொடுத்து டைப்பைத் தேடும்போது, அசெம்ப்ளியின் (ப்ராஜெக்ட் கம்பைல் ஆகி வரும் கோப்பின்) 'கெட்டைப்' மெத்தடுக்கு 'கணக்கு+பதிவு+குறிப்பு' என்று தர வேண்டும். புள்ளி வைத்தால் நல். இந்தப் பாதை எழுதும் முறை முழுப்பெயர்த் தேடலுக்கு மட்டும்தான். 'கெட்நெஸ்டட்டைப்' மெத்தடுக்கு 'பதிவு+குறிப்பு' என்று தந்தால் கிடைக்காது. முதலில் பதிவை எடுத்து, அதனிடம் குறிப்பைக் கேட்க வேண்டும். அசெம்ப்ளி குறிப்பிடாமல் டைப் கிளாஸின் ஸ்டாடிக் 'கெட்டைப்' மெத்தடைக் கூப்பிட்டால், அது அழைக்கும் அசெம்ப்ளியிலும் சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் மைய நூலகத்திலும் மட்டுமே தேடும். வேறு ப்ராஜெக்டில் இருக்கும் டைப் கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, யாருக்குத் தெரியும் டைப் இது என்ற கேள்வி. 'பதிவு' பப்ளிக் கிளாஸ். ஆனால் அதன் 'இஸ்பப்ளிக்' ப்ராப்பர்ட்டி பொய் என்று சொல்லும். 'இஸ்நாட்பப்ளிக்' கேட்டாலும் பொய்தான். அந்த இரண்டும் மேலடுக்கு டைப்களுக்கு மட்டுமானவை. நெஸ்டட் டைப்புக்குத் தனிக் குடும்பமே உண்டு: இஸ்நெஸ்டட்பப்ளிக், இஸ்நெஸ்டட்பிரைவேட், புரொடெக்டடுக்கு இஸ்நெஸ்டட்ஃபேமிலி, இன்டர்னலுக்கு இஸ்நெஸ்டட்அசெம்ப்ளி. ஃபேமிலி, அசெம்ப்ளி என்ற பெயர்கள் சி ஷார்ப்பின் சொற்கள் அல்ல, ரன்டைமின் சொற்கள். அதனால்தான் புதியவர் கண்ணில் படுவதில்லை. 'இது வெளியிலிருந்து உண்மையிலேயே எட்டக்கூடிய டைப்பா?' என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் 'இஸ்விசிபிள்' பாருங்கள். பப்ளிக் கிளாஸாக இருந்தும் அதைச் சுற்றியுள்ள கிளாஸ் இன்டர்னலாக இருந்தால் அது பொய் என்று சொல்லும். நூலகத்தின் வெளிமுகத்தைப் பட்டியலிடும் கருவி எழுதுபவர்களுக்கு இதுவே சரியான ப்ராப்பர்ட்டி.

உள்ளேயிருந்து வெளியே போக 'டிக்ளேரிங்டைப்' உதவும். குறிப்பின் டிக்ளேரிங்டைப் பதிவு, பதிவின் டிக்ளேரிங்டைப் கணக்கு, கணக்குக்கு நல்.

நான்காம் படி: ஆழத்துக்கும் மேலேயும் போவது

மேலே நான்கு டைப்கள் வந்தன, குறிப்பு வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கெட்நெஸ்டட்டைப்ஸ் ஓர் அடுக்கோடு நின்றுவிடும். அடி வரை போக ரிகர்ஷன் எழுத வேண்டும்: ஒரு டைப்பை வாங்கி, அதன் நெஸ்டட் டைப்கள் ஒவ்வொன்றையும் விளைவில் சேர்த்து, அதற்கும் தன்னையே மறுபடி அழைக்கும் ஒரு சிறு மெத்தட். எழுதப்பட்ட கோடின் நெஸ்டிங் எங்கோ முடிந்தே தீரும் என்பதால் இது தானாக நிற்கும்.

முழு அசெம்ப்ளியையும் அலசும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. அசெம்ப்ளியின் 'கெட்டைப்ஸ்' மெத்தட், பிரைவேட் உட்பட எல்லா அடுக்கு நெஸ்டட் டைப்களையும் ஏற்கெனவே சேர்த்தே தருகிறது. அதன் மேல் இந்த ரிகர்ஷனையும் ஓட்டினால் ஒவ்வொரு உள் டைப்பும் இரண்டு, மூன்று முறை வரும். 'இஸ்நெஸ்டட்' பொய்யாக உள்ளவற்றிலிருந்து மட்டும் ரிகர்ஷனைத் தொடங்குங்கள். அல்லது ரிகர்ஷனே வேண்டாம், அந்த ஒற்றைப் பட்டியல் போதும்.

இப்போது சேமிப்பைப் பாருங்கள். கோடில் 'சேமிப்பு.பதிவு' என்று எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். அது கணக்கில் உள்ள பதிவையே குறிக்கும். ஆனால் டைப்ஆஃப்(சேமிப்பு) இடம் நெஸ்டட் டைப்களைக் கேட்டால் ஒன்றுமே வராது. பேஸ் கிளாஸின் நெஸ்டட் டைப்களை ரிஃப்ளெக்ஷன் தேடுவதில்லை. வேண்டுமென்றால் 'பேஸ்டைப்' ப்ராப்பர்ட்டியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே ஏறி, அங்கங்கே கேட்டுச் சேர்க்க வேண்டும்.

இந்த இரண்டையும், அதாவது உள்ளே இறங்குவதையும் பேஸுக்கு ஏறுவதையும், ஒரே ரிகர்ஷனில் கலக்கும்போது ஆபத்து தொடங்குகிறது. 'வடிவம்' என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். அதற்குள்ளேயே 'வட்டம்', 'சதுரம்' என்று வடிவத்திலிருந்து இன்ஹெரிட் செய்யும் கிளாஸ்கள். ஒரு குடும்பத்தை ஒரே இடத்தில் பூட்டி வைக்க இப்படி எழுதுவது மிகப் பரவலான வழக்கம். வட்டத்தில் நுழைந்தால் அதன் பேஸ் வடிவம். வடிவத்தின் நெஸ்டட் டைப் வட்டம். அதன் பேஸ் வடிவம். நிரல் ஸ்டாக் தீரும் வரை சுற்றும். சோதனைக்கு எழுதிய எளிய கிளாஸ்களில் இது வெளிப்படாது. நிஜமான ப்ராஜெக்டில்தான் முதல்முறை வெடிக்கும். பார்த்த டைப்களை ஒரு ஹாஷ்செட்டில் போட்டு, ஏற்கெனவே இருந்தால் திரும்பிவிடுவது ஒரே வரி வேலை. தொடக்கத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

வரிசையையும் நம்ப வேண்டாம். டாட்நெட் 7 முதல்தான் மெட்டாடேட்டாவில் (அசெம்ப்ளிக்குள் கம்பைலர் எழுதி வைக்கும் டைப் விவரங்களில்) உள்ள வரிசைப்படி நிலையாக வருகிறது. டாட்நெட் 6 வரை அப்படி எந்த உறுதியும் இல்லை. ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் பெயர் வாரியாக அடுக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: நீங்கள் எழுதாத டைப்கள்

கணக்குக்குள் ஒரு அசிங்க் மெத்தடோ, யீல்ட் பயன்படுத்தும் மெத்தடோ, லாம்டாவோ எழுதிவிட்டு நான்பப்ளிக் ஃப்ளாக்குடன் மறுபடி கேளுங்கள். கோண அடைப்புக்குறியில் தொடங்கும் விசித்திரப் பெயர்களோடு புதிய டைப்கள் வரும். அசிங்க் மெத்தடின் நிலையை நினைவில் வைக்கவும், லாம்டா பிடித்துக்கொண்ட மாறிகளைத் தாங்கவும் கம்பைலர் உருவாக்கிய நெஸ்டட் டைப்கள் அவை. சி ஷார்ப்பில் நாம் எழுதவே முடியாத குறிகளை வேண்டுமென்றே பெயரில் வைத்திருப்பதால், நம் பெயர்களோடு மோதாது. அவற்றின் மேல் 'கம்பைலர்ஜெனரேட்டட்' ஆட்ரிப்யூட் இருக்கும். 'இஸ்டிஃபைன்ட்' மூலம் அதைச் சோதித்து விலக்கலாம். பெயர் எப்படித் தொடங்குகிறது என்று பார்த்து விலக்குவதைவிட இது உறுதியான வழி, ஏனென்றால் அந்தப் பெயர் அமைப்பு கம்பைலரின் உள்விவகாரம்.

ஆறாம் படி: ஜெனரிக், எல்லாவற்றிலும் கடினமானது

சொந்தக் கிளாஸ் வேண்டாம், கையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்ட்ரிங் சாவியும் இன்ட் மதிப்பும் கொண்ட டிக்ஷனரியின் டைப்பை எடுத்து அதன் நெஸ்டட் டைப்களைக் கேளுங்கள். கீகலெக்ஷன், வேல்யூகலெக்ஷன், எனுமரேட்டர் ஆகியவை வரும். அவை ஸ்ட்ரிங்கையும் இன்ட்டையும் அறிந்தவையாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அப்படி இல்லை. வருபவை திறந்த நிலையிலேயே, அதாவது டைப் பாராமீட்டர்கள் நிரப்பப்படாமலேயே இருக்கும்: 'இஸ்ஜெனரிக்டைப்டெஃபினிஷன்' உண்மை என்று சொல்லும்.

வெளிக் கிளாஸின் டைப் பாராமீட்டர்கள் உள்ளே உள்ள ஒவ்வொரு டைப்புக்கும் பாராமீட்டர்களாகவே இறங்குகின்றன. கீகலெக்ஷன் என்று எழுதும்போது அதற்கெனப் பாராமீட்டர் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ரன்டைம் பார்வையில் அதற்கு இரண்டு உண்டு. மெட்டாடேட்டாவில் இருப்பது அந்த ஒரே திறந்த வடிவம்தான், ரிஃப்ளெக்ஷன் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறது. மூட வேண்டியது நாம். வெளி டைப்பிடம் 'கெட்ஜெனரிக்ஆர்க்யுமென்ட்ஸ்' கேட்டு, வந்த அர்ரேயை உள் டைப்பின் 'மேக்ஜெனரிக்டைப்' மெத்தடுக்குக் கொடுத்தால் சரியான கீகலெக்ஷன் கிடைக்கும்.

உள் டைப்புக்கே சொந்தமாகவும் பாராமீட்டர் இருந்தால்? டாட்நெட் 9-இல் டிக்ஷனரிக்குள் சேர்ந்த 'ஆல்டர்னேட்லுக்கப்' அப்படிப்பட்டது. வெளியிலிருந்து இரண்டு, தனக்கென்று ஒன்று, ஆக மொத்தம் மூன்று. இரண்டை மட்டும் கொடுத்தால் ஆர்க்யுமென்ட் எக்ஸெப்ஷன் எழும். எனவே மூடுவதற்கு முன் இரு பக்க எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்: சமமாக இருந்தால் அப்படியே மூடலாம், உள்ளே அதிகமாக இருந்தால் மீதியை நீங்கள்தான் தீர்மானித்துத் தர வேண்டும்.

ஃபுல்நேமில் தெரியும் பின்சாய்வு மேற்கோள் குறியும் எண்ணும் இதைத்தான் சொல்கின்றன. '`2' என்றால் அந்த மட்டத்தில் இரண்டு பாராமீட்டர்கள் அறிவிக்கப்பட்டுள்ளன என்று பொருள். கீகலெக்ஷனின் பெயருக்குப் பின்னால் அந்த எண் இருக்காது, டிக்ஷனரியின் பெயருக்குப் பின்னால் மட்டுமே இருக்கும். பெயரைப் பார்த்து 'இது ஜெனரிக் இல்லை' என்று முடிவு செய்தால் தவறிப்போகும்.

ஏழாம் படி: ஆப்ஜெக்ட் உருவாக்குவது

சி ஷார்ப்பில் நெஸ்டட் கிளாஸுக்கும் வெளிக் கிளாஸின் ஆப்ஜெக்டுக்கும் தொடர்பில்லை. அதனால் 'ஆக்டிவேட்டர்.கிரியேட்இன்ஸ்டன்ஸ்' மெத்தடிடம் டைப்பைக் கொடுத்தால் போதும். கன்ஸ்ட்ரக்டரே பிரைவேட் என்றால் இரண்டாவது ஆர்க்யுமென்டாக 'ட்ரூ' தர வேண்டும். வருவது வெறும் ஆப்ஜெக்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் பூட்டு என்ற பெயரை வெளியே எழுதிக் காஸ்ட் செய்ய முடியாது. அந்த டைப் ஒரு பப்ளிக் இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தினால் அதற்குக் காஸ்ட் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மெத்தடையும் பெயர் சொல்லி அழைப்பதைவிடப் பாதுகாப்பு, வேகமும் கூட.

ஜாவாவில் என்ன மாறும்?

ஜாவாவில் இன்னர் கிளாஸும் ரிஃப்ளெக்ஷனும் 1997-இல் வந்த ஜேடிகே 1.1 பதிப்பில் ஒன்றாகவே வந்தன. அங்கே கேள்விகள் இரண்டு. 'கெட்டிக்ளேர்ட்கிளாசஸ்' இந்தக் கிளாஸில் எழுதியவை எல்லாவற்றையும், பிரைவேட் உட்பட, தரும். 'கெட்கிளாசஸ்' பப்ளிக் ஆனவற்றை மட்டும், ஆனால் சூப்பர்கிளாஸிலிருந்து வந்தவற்றையும் சேர்த்துத் தரும். மேலே சொன்ன வட்டம், வடிவம் உதாரணத்தை நினைத்துப் பாருங்கள்: பப்ளிக்கான வட்டத்திடம் கெட்கிளாசஸ் கேட்டால், வடிவத்திலிருந்து வந்த உறுப்பாக வட்டமே திரும்ப வரும். பேஸுக்கு நாம் ஏறாமலேயே முடிவில்லாச் சுழல். ரிகர்ஷனுக்கு எப்போதும் கெட்டிக்ளேர்ட்கிளாசஸைத்தான் எடுக்க வேண்டும்.

பெயரில் கூட்டலுக்குப் பதில் டாலர் குறி. 'கிளாஸ்.ஃபார்நேம்' மெத்தடுக்கு ஜாவாவின் மேப் இன்டர்ஃபேஸுக்குள் உள்ள என்ட்ரியைக் கேட்க 'மேப்$என்ட்ரி' என்று பேக்கேஜ் பெயரோடு தர வேண்டும். மனிதர் படிக்கும் புள்ளி வடிவம் 'கெட்கனானிக்கல்நேம்' தரும். ஆனால் அதை ஃபார்நேமுக்குத் திருப்பிக் கொடுத்தால் கிளாஸ் கிடைக்காது.

பெரிய வேறுபாடு ஆப்ஜெக்ட் உருவாக்கத்தில். ஸ்டாடிக் என்று குறிக்காத இன்னர் கிளாஸ் எப்போதும் வெளி ஆப்ஜெக்ட் ஒன்றைச் சார்ந்தே இருக்கும். அதன் கன்ஸ்ட்ரக்டருக்கு நீங்கள் எழுதாத முதல் பாராமீட்டர் ஒன்று உண்டு: வெளிக் கிளாஸ். ஆர்க்யுமென்ட் இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கோடில் இருக்கிறதே என்று அதைத் தேடினால் 'நோ சச் மெத்தட்' எக்ஸெப்ஷன் வரும். வெளிக் கிளாஸைப் பாராமீட்டர் டைப்பாகக் கொடுத்து கன்ஸ்ட்ரக்டரை எடுத்து, உருவாக்கும்போது வெளி ஆப்ஜெக்டைக் கொடுக்க வேண்டும். ஜேசன் (JSON) தரவைக் கையாளும் ஜாக்சன் நூலகம் ஸ்டாடிக் அல்லாத இன்னர் கிளாஸை ஜேசனிலிருந்து உருவாக்க மறுப்பதற்கும் இதுவே காரணம். மாறாக, சோதனை எழுத உதவும் ஜேயூனிட் 5-இன் 'நெஸ்டட்' குறிப்போ ஸ்டாடிக் அல்லாத இன்னர் கிளாஸையே கேட்கிறது, வெளி ஆப்ஜெக்டில் செய்த முன்னேற்பாடுகள் உள்ளே கிடைக்க வேண்டும் என்பதற்காக. எது எந்த வகை என்று அறிய 'மாடிஃபையர்.இஸ்ஸ்டாடிக்' போதும். உள்ளே எழுதிய இன்டர்ஃபேஸ், ஈனம், ரெகார்டு மூன்றும் சொல்லாமலேயே ஸ்டாடிக்.

மெத்தடுக்குள் எழுதிய லோக்கல் கிளாஸும் பெயரில்லாத அனானிமஸ் கிளாஸும் கெட்டிக்ளேர்ட்கிளாசஸில் வராது, ஏனென்றால் அவை கிளாஸின் உறுப்புகள் அல்ல. அவற்றிடம் டிக்ளேரிங் கிளாஸ் கேட்டாலும் நல். 'கெட்என்க்ளோசிங்கிளாஸ்' கேட்க வேண்டும். 2018-இல் வந்த ஜாவா 11-இல் 'கெட்நெஸ்ட்மெம்பர்ஸ்' சேர்ந்தது. ஒரே வெளிக் கிளாஸின் கீழ் உள்ள எல்லாவற்றையும், இவற்றையும் சேர்த்து, அடுக்கு பார்க்காமல் ஒரே பட்டியலாகத் தருகிறது. ரிகர்ஷனே எழுதாமல் முடிக்க இதைவிடச் சுலபமான வழி ஜாவாவில் இல்லை.

பைத்தானில்

நெஸ்டட் டைப் என்று தனி இனம் அங்கே இல்லை. கிளாஸின் உடலில் எழுதிய கிளாஸ் ஒரு சாதாரண ஆட்ரிப்யூட். 'வார்ஸ்' ஃபங்ஷனால் கிளாஸின் டிக்ஷனரியை எடுத்து, மதிப்பு கிளாஸ்தானா என்று பார்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் உடலுக்குள் 'தொகை = இன்ட்' என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்திருந்தால் இன்ட்டும் நெஸ்டட் டைப் போல வந்து நிற்கும். பைத்தான் 3.3 முதல் உள்ள குவால்நேம் ஆட்ரிப்யூட்டை எடுத்து, வெளிக் கிளாஸின் குவால்நேமும் ஒரு புள்ளியும் சேர்ந்து அது தொடங்குகிறதா என்று பாருங்கள். மாட்யூலும் ஒன்றுதானா என்று சேர்த்துப் பாருங்கள். இன்ஸ்பெக்ட் மாட்யூலின் 'கெட்மெம்பர்ஸ்' இந்த வேலைக்கு வேண்டாம், பேஸ் கிளாஸில் உள்ளவற்றையும் மெட்டாகிளாஸையும்கூட இழுத்து வந்துவிடும்.

பிறருடைய பிரைவேட் டைப்கள்

நான்பப்ளிக் ஃப்ளாக் எந்தக் கதவையும் திறக்கும் என்று தோன்றும். உங்கள் சொந்தக் கோடில், சோதனை எழுதவோ வழு தேடவோ பயன்படுத்துங்கள். பிறர் நூலகத்தின் பிரைவேட் டைப்பில் உங்கள் நிரலைக் கட்டாதீர்கள். டாட்நெட் டிக்ஷனரிக்குள் 'என்ட்ரி' என்ற பிரைவேட் ஸ்ட்ரக்ட் இருக்கிறது. அந்த என்ட்ரிகளைத் தாங்கும் ஃபீல்டின் பெயர் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ஒன்று, டாட்நெட் கோரில் முன்னால் அடிக்கோடு சேர்ந்த வேறொன்று. பழைய பெயரை நம்பி எழுதிய கோடு புதிய ரன்டைமில் நல் பெற்று நின்றுவிடும். யார் மேலும் குறை சொல்ல முடியாது. பிரைவேட் பெயரை மாற்ற எழுதியவருக்கு முழு உரிமை உண்டு. ஜாவா 9 மாட்யூல்களுக்குப் பின், திறக்கப்படாத பேக்கேஜில் 'செட்அக்சஸிபிள்' அழைத்தால் எக்ஸெப்ஷனே எழுகிறது.

கடைசியாக, டாட்நெட்டில் ட்ரிம்மிங் (பயன்படாத கோடை வெட்டிவிடுவது) அல்லது நேட்டிவ் ஏஓடி (முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றுவது) வைத்து வெளியிடுபவர்களுக்கு: யாரும் நேரடியாகப் பெயர் சொல்லாத நெஸ்டட் டைப், வெளியீட்டில் வெட்டி எறியப்படலாம். டெவலப்மென்ட் கணினியில் நான்கு டைப் தந்த அதே வரி, வெளியான நிரலில் இரண்டு மட்டுமே தரலாம். டைப்பை வாங்கும் பாராமீட்டரின் மேல் 'டைனமிக்கலிஅக்சஸ்ட்மெம்பர்ஸ்' ஆட்ரிப்யூட் வைத்து, அதில் பப்ளிக்நெஸ்டட்டைப்ஸ், நான்பப்ளிக்நெஸ்டட்டைப்ஸ் இரண்டையும் குறிப்பிட்டால் ட்ரிம்மர் அவற்றைத் தொடாது. கம்பைல் செய்யும்போது வரும் ட்ரிம் எச்சரிக்கைகளை அடக்கி வைக்காமல் படித்தால், இப்படிக் காணாமல் போகக்கூடிய இடங்கள் எவை என்று வெளியிடும் முன்பே தெரிந்துவிடும்.